எழுதினால் மட்டும் போதுமா? தேடினால் கிடைக்க வேண்டாமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நோட்ஸ் எழுதி வைக்க நல்ல அப்ளிகேஷன் எது? எதை இன்ஸ்டால் செய்யலாம்?" நானும் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்திற்குப் பிறகு, கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். எழுதியதை எப்படித் திரும்ப எடுப்பது? இதுதான் முதலில் கேட்க வேண்டியது. அந்தச் சம்பவத்தையும், அதன் பிறகு நாங்கள் அமைத்துக் கொண்ட முறையையும் இங்கு காணலாம்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். அப்பாவுக்கு போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை போகும் வழியில் சிறிய ஏலத்தோட்டம் இருக்கிறது. தோட்டம் கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில். வீடும் வேலையாட்களும் தேனி மாவட்டத்தில். காலையில் ஜீப் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய், மாலையில் திரும்பி வருவது அப்பாவுக்கும், காய் எடுக்க வரும் பெண்களுக்கும் பழகிப்போன ஒன்று. நான் சாப்ட்வேர் இஞ்சினியர். பெரும்பாலும் சென்னையில் வேலை. அவ்வப்போது போடியில் வீட்டிலிருந்தபடியே பார்ப்பேன்.

அப்பா முப்பது வருடமாகச் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். யார் எத்தனை கிலோ பச்சைக்காய் எடுத்தார், என்று மருந்தடித்தோம், ஸ்டோரில் காய வைத்தபின் எவ்வளவு நின்றது, ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என எல்லாம் அதில் இருக்கும். மழையில் நனைந்து இரண்டு நோட்டுகள் வீணானதும், "இனிமேல் போனிலேயே எழுதுங்கள் அப்பா" என்று சொல்லி, போனில் ஏற்கெனவே இருந்த ஒரு நோட்ஸ் அப்ளிகேஷனைத் திறந்து கொடுத்தேன். குரலில் பேசியே தமிழில் டைப் செய்யவும் கற்றுக் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக் கொண்டு சென்னைக்குப் போய்விட்டேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன் கணக்கு முடிக்கும் நாள். எங்கள் தோட்டத்தில் நாள் கூலி உண்டு. குறிப்பிட்ட எடைக்கு மேல் எடுக்கும் காய்க்கு கிலோ கணக்கில் தனிப் பணமும் உண்டு. அப்பா வாசித்துக் கொண்டே வந்தபோது, பல வருடங்களாக வேலைக்கு வரும் ஒரு அக்கா மட்டும் நின்றார்.

"நாலு நா காயி இதுல வரலையேண்ணே. மழைக்கு முந்துன வாரம் எடுத்தது."

"எல்லாத்தையும் செல்லுல ஏத்திருக்கேன்த்தா. ஒண்ணும் விட்டுப் போகாது," என்றார் அப்பா.

போனை எடுத்துத் தேடினார். அதில் எழுநூறு நோட்டுக்கு மேல் இருந்தன. அக்காவின் பெயரை டைப் செய்தால் தொண்ணூறு நோட் வந்து நின்றது. போதாக்குறைக்கு அதே பெயரில் இன்னொரு பெண்ணும் வேலைக்கு வருகிறார். கால்மணி நேரம் தேடிவிட்டு, "இல்லையேத்தா" என்றார் அப்பா. அக்கா கொடுத்த பணத்தை வாங்கிக் கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த காய் எடுப்புக்கு வரவில்லை. வேறு தோட்டத்து ஜீப்பில் போகிறார் என்று கேள்விப்பட்டோம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பா இதை என்னிடம் சொன்னார். எனக்கும் உறுத்தியது. இரண்டு இரவு உட்கார்ந்து நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். "மழை" என்ற தலைப்பில் ஒரு நோட். ஆகஸ்ட்டில் பெய்த மழையைப் பற்றி ஆரம்பித்து, பிறகு ஓடையில் மோட்டார் பழுதானது, மருந்துக் கடை பாக்கி என்று போய், அதற்கும் கீழே நான்கு நாள் எடைக் கணக்கு. அக்காவின் பெயரைக் குரல் டைப்பிங் வேறு ஏதோ சொல்லாக எழுதியிருந்தது. அக்கா சொன்னது சரி. தவறு எங்களுடையது.

கணக்கு எழுதப்பட்டிருந்தது, பத்திரமாகவும் இருந்தது. வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த அக்காவைப் பொறுத்தவரை, கிடைக்காத கணக்கும் எழுதாத கணக்கும் ஒன்றே.

நாங்கள் செய்த தவறுகள்

நீங்களும் இவற்றில் ஒன்றிரண்டைச் செய்து கொண்டிருக்கலாம். எனவே வரிசையாகப் பார்ப்போம்.

1. தலைப்பே கொடுக்கவில்லை. பெரும்பாலான அப்ளிகேஷன்கள் முதல் வரியையே தலைப்பாகக் காட்டும். அதனால்தான் எடைக் கணக்கு "மழை" ஆனது.

2. ஒரே நோட்டில் பல விஷயங்கள். திறந்திருக்கும் நோட்டின் அடியிலேயே எழுதிக் கொண்டே போவது காகிதத்தில் சரி. கம்ப்யூட்டரில் அது எதையும் எங்கும் ஒளித்து வைக்கும் வழி.

3. கடைசியாகத் திருத்தியது மேலே வரும்படி பட்டியல் இருந்தது. பழைய நோட்டில் ஒரு வரி சேர்த்தாலும் அது மேலே வந்துவிடும். நாள் வரிசை முழுவதும் கலைந்துவிட்டது.

4. பெயரையே அடையாளமாக வைத்தோம். ஒரே பெயரில் இருவர் இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ரேஷன் கார்டுக்கும் பாங்க் கணக்கிற்கும் எண் கொடுப்பது இதனால்தான்.

எந்த அப்ளிகேஷன்?

விண்டோஸில் உள்ள நோட்பேட் புரோகிராமே தொடக்கத்திற்குப் போதும். அதில் எப்5 கீயை அழுத்தினால் அன்றைய நேரமும் தேதியும் தானாக வந்து விழும் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் நோட்டுகள் நூறைத் தாண்டினால் நோட்பேட் உதவாது. கூகுள் கீப், மைக்ரோசாப்ட் ஒன்நோட், எவர்நோட், ஆப்சிடியன், ஜாப்ளின் என்று பல அப்ளிகேஷன்கள் இருக்கின்றன. சின்னச் சின்னக் குறிப்புகளுக்கு கீப் மிக எளிது. படம், கையெழுத்து எல்லாம் கலந்து எழுத ஒன்நோட் வசதியானது.

நான் அப்பாவுக்குத் தேர்ந்தெடுத்தது ஜாப்ளின். லோரன் கோசிக் என்ற புரோகிராமர் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இது. ஸ்காட் ஜாப்ளின் என்ற அமெரிக்க இசைக் கலைஞரின் பெயரை வைத்திருக்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்ட், ஐபோன் எல்லாவற்றிலும் இயங்கும். கட்டணம் இல்லை. நான் இதைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம், எழுதிய அனைத்தையும் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துக் கொள்ளலாம் என்பதுதான்.

இது ஏன் முக்கியம்? கூகுள் நிறுவனம் 2006ல் நோட்புக் என்ற வசதியைத் தந்தது, 2012ல் மூடிவிட்டது. 2008ல் வந்து உலகெங்கும் புகழ்பெற்ற எவர்நோட், 2023 டிசம்பரில் இலவசக் கணக்கிற்கு 50 நோட், ஒரு நோட்புக் என்று வரம்பு போட்டது. இந்த நிறுவனங்களைக் குறை சொல்ல வரவில்லை. வியாபாரத்தில் விதிகள் மாறும். மாறும்போது நம் நோட்டுகளைத் தூக்கிக் கொண்டு வேறிடம் போக வழி இருக்க வேண்டும். எனவே எந்த அப்ளிகேஷனாக இருந்தாலும், முதல் நோட்டை எழுதும் முன் எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனிமேல் சொல்லப்போகும் முறைகள் எல்லா அப்ளிகேஷனுக்கும் பொருந்தும். மெனுக்களின் பெயர்களை மட்டும் ஜாப்ளினை வைத்துச் சொல்கிறேன். ஜாப்ளினை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். திறந்தவுடன் இடது பக்கம் நோட்புக்குகள், நடுவில் நோட்டுகளின் பட்டியல், வலது பக்கம் எழுதும் இடம் என மூன்று பகுதிகள் கிடைக்கும். புதிய நோட் வேண்டும் என்றால் கண்ட்ரோல் + என் அழுத்தவும்.

நோட்புக் குறைவாக இருக்கட்டும்

புதியவர்கள் செய்யும் முதல் வேலை நோட்புக்குகளாக உருவாக்கித் தள்ளுவது. நானும் அப்பாவுக்காக முதலில் பதினான்கு நோட்புக் போட்டேன். விளைவு? "மருந்தடிச்ச கூலிய மருந்துல போடவா, கூலில போடவா?" என்று போன் செய்து கேட்டார். ஒரு நோட்டை எழுதும் முன் யோசிக்க வைக்கும் எந்த ஏற்பாடும் நிலைக்காது. ஆள் களைத்துப் போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்ட ஆரம்பித்துவிடுவார்.

இப்போது நான்கு நோட்புக் மட்டுமே இருக்கின்றன.

அன்றாடம்: எழுதுவதெல்லாம் முதலில் இங்கேதான் வரும். யோசிக்க வேண்டாம்.

தோட்டம்: தோட்டம் சம்பந்தமான அனைத்தும்.

வீடு: கரண்ட் பில், காஸ், மருத்துவம், பத்திர விவரம்.

பழையது: முன்பு எழுதிய எழுநூறு நோட்டுகள். இவற்றை உட்கார்ந்து அடுக்க வேண்டாம். ஏதாவது ஒன்று தேவைப்பட்டு எடுக்கும்போது மட்டும், அதற்கு ஒழுங்காகத் தலைப்பு கொடுத்து உரிய நோட்புக்கிற்கு மாற்றவும். தேவைப்படாதவை அங்கேயே தூங்கட்டும்.

உங்கள் வீட்டில் தோட்டத்திற்குப் பதில் கடை இருக்கலாம், பிள்ளைகள் படிப்பு இருக்கலாம். அந்த இரண்டாவது நோட்புக்கின் பெயரை மாற்றிக் கொண்டால் போதும்.

டேக்: சீர்காழிக்காரர் காட்டிய வழி

நோட்புக் என்பது அலமாரித் தட்டு மாதிரி. ஒரு நோட் ஒரு தட்டில்தான் இருக்க முடியும். ஆனால் அப்பா கேட்ட கேள்விக்கு இரண்டு தட்டு தேவைப்படுகிறது. மருந்தடித்த கூலி மருந்துக்கும் சொந்தம், கூலிக்கும் சொந்தம்.

இந்தச் சிக்கலை நம் ஊர்க்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே யோசித்திருக்கிறார். சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். ஒரு புத்தகத்தை ஒரே ஒரு தலைப்பின் கீழ் அடக்குவதைவிட, அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்து அவற்றைச் சேர்த்து எண் கொடுக்கலாம் என்று ஒரு முறையை உருவாக்கி, 1933ல் வெளியிட்டார். முகங்களைப் பிரித்துக் காட்டக் கோலன் குறியைப் பயன்படுத்தியதால் அது கோலன் பகுப்புமுறை எனப்பட்டது. அவர் சொன்ன முகங்கள் ஐந்து: எந்தப் பொருள், எதனால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். அதற்கு முன்பே 1931ல் அவர் எழுதிய நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. எங்கள் தேவையும் அதேதான். ஆள் எதிரில் நிற்கும்போது கால்மணி நேரம் தேடிக் கொண்டிருக்கக் கூடாது.

டேக் என்பதும் இந்த முகங்கள்தான். ஒரு நோட்டிற்கு எத்தனை டேக் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அப்பாவின் வேலைக்கு ஐந்து முகங்கள் தேவையில்லை, மூன்று போதும்.

காலம்: இதை டேகாக வைக்க வேண்டாம். தலைப்பிலேயே வந்துவிடும்.

செயல்: காய்எடுப்பு, மருந்து, உரம், ஸ்டோர், விற்பனை, கூலி.

இடம்: மேல்காடு, ஓடைக்கரை, ரோட்டோரம். தோட்டத்தின் மூன்று பகுதிகளை நாங்கள் அழைக்கும் பெயர்கள் இவை.

ஆக மொத்தம் ஒன்பது டேக். இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி கம்ப்யூட்டர் மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறோம். பட்டியலில் இல்லாத புதிய டேகை நினைத்தவுடன் உருவாக்கக் கூடாது என்பது வீட்டு விதி. இல்லாவிட்டால் இன்று "மருந்து", நாளை "ஸ்பிரே", மறுநாள் "மருந்தடிப்பு" என்று ஒரே வேலைக்கு மூன்று டேக் முளைத்துவிடும்.

ஜாப்ளினில் டேக் கொடுக்க, எழுதும் பகுதியின் அடியில் டேக் சேர்ப்பதற்கான இடத்தில் கிளிக் செய்திடவும். சிறிய பெட்டி திறக்கும். பெயரை டைப் செய்து என்டர் தட்டவும். பிறகு இடது பக்கப் பட்டியலில் அந்த டேகின் மீது கிளிக் செய்தால், அது உள்ள எல்லா நோட்டுகளும் வரும். இரண்டு டேக் சேர்ந்து உள்ளவை மட்டும் வேண்டும் என்றால் தேடல் கட்டத்தைப் பயன்படுத்தலாம். ஆங்கிலத்தில் டேக் என்ற மூன்றெழுத்தை டைப் செய்து, இடைவெளி விடாமல் கோலன் குறி போட்டு, அடுத்து டேகின் பெயரைத் தமிழில் டைப் செய்திடவும். ஓர் இடைவெளி விட்டு இதேபோல் இரண்டாவது டேகையும் கொடுக்கவும். மருந்து, மேல்காடு என்ற இரண்டையும் இப்படிக் கொடுத்தால், மேல்காட்டில் மருந்தடித்த நாட்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். ரங்கநாதனின் கோலன் இங்கேயும் வந்துவிட்டதைக் கவனித்தீர்களா?

எந்த டேக் வைப்பது என்று தெரியாவிட்டால், நீங்கள் பின்னால் கேட்கப்போகும் கேள்விகளை முதலில் எழுதிப் பாருங்கள். அப்பாவின் கேள்விகள் இவை: மேல்காட்டில் கடைசியாக என்று மருந்தடித்தோம்? ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஏறத்தாழ ஒரு கிலோ காய்ந்த காய் நிற்க வேண்டுமே, இந்தத் தடவை ஸ்டோரில் ஏன் குறைந்தது? போன வருடம் இதே மாதம் ஏலத்தில் நம் காய் என்ன விலைக்குப் போனது? இந்தக் கேள்விகளில் வரும் சொற்களே உங்கள் டேக்குகள். கேள்வியில் வராத டேக் தேவையில்லாத டேக்.

தலைப்பில் முதலில் தேதி, அதுவும் வருடத்திலிருந்து

எல்லா நோட்டின் தலைப்பும் தேதியில் தொடங்க வேண்டும். தேதியை நாம் வழக்கமாக எழுதும்படி 14-09-2024 என்று எழுதக் கூடாது. 2024-09-14 என்று வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும்.

காரணம் எளிது. கம்ப்யூட்டர் தலைப்புகளை இடமிருந்து வலமாக எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்குகிறது. நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்துப் பதினான்காம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். வருடத்தை முதலில் எழுதினால், தலைப்பின்படி அடுக்கியதுமே சரியான நாள் வரிசை கிடைத்துவிடும். ஒற்றை இலக்க மாதங்களுக்கு 09 என்று முன்னால் சைபர் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் சில புரோகிராம்களில் 10ஆம் மாதம் 9ஆம் மாதத்திற்கு முன்னால் போய் நிற்கும்.

தேதிக்குப் பிறகு செயல், அதன் பிறகு இடம். உதாரணமாக, "2024-09-14 காய்எடுப்பு மேல்காடு". இதைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு வியூ மெனுவில் நோட்டுகளை அடுக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், டைட்டில் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இனி பழைய நோட்டில் ஒரு வரி சேர்த்தாலும் அது இடம் மாறாது.

இதே தலைப்பு முறையை உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பைல்களுக்கும் பயன்படுத்தலாம். கரண்ட் பில், பள்ளிக் கட்டண ரசீது போன்றவற்றை ஒரே போல்டரில் போட்டாலும் தானாகவே வரிசையாக நிற்கும்.

இன்னொன்று: ஒரு நோட்டில் ஒரு நாள், ஒரு வேலை. அடுத்த நாள் அடுத்த நோட். நோட்டுகளின் எண்ணிக்கை கூடும் என்று பயப்பட வேண்டாம். ஐயாயிரம் சிறிய நோட்டுகளில் தேடுவது கம்ப்யூட்டருக்குச் சிரமம் இல்லை. ஐம்பது நீளமான நோட்டுகளில் தேடுவது நமக்குத்தான் சிரமம்.

வேலையாட்களுக்கு ஆளுக்கு ஓர் எண் கொடுத்தோம். எடைக் கணக்கில் எண்ணும் பெயரும் சேர்ந்தே வரும். குரல் டைப்பிங் பெயரைத் தவறாக எழுதினாலும் எண் காப்பாற்றிவிடும்.

தமிழில் தேடும்போது கவனிக்க வேண்டியவை

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இல்லாத இரண்டு சிக்கல்கள் நமக்கு உண்டு.

முதலாவது, எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்தவை நம் கண்ணுக்குத் தமிழ். கம்ப்யூட்டருக்கோ அவை ஆங்கில எழுத்துகள்தான். அவற்றை நோட்டில் ஒட்டினால் தமிழில் தேடும்போது கிடைக்காது. எனவே யூனிகோட் தமிழிலேயே எழுதவும். போனில் உள்ள தமிழ்க் கீபோர்டுகள் யூனிகோடில்தான் எழுதுகின்றன. கம்ப்யூட்டரிலும் யூனிகோட் கீபோர்டையே தேர்ந்தெடுக்கவும்.

இரண்டாவது, சொற்களின் வால். "மருந்து" என்று தேடினால் "மருந்தடித்தோம்" என்று எழுதியது வராமல் போகலாம். பல அப்ளிகேஷன்கள் முழுச் சொல்லைத்தான் ஒப்பிடுகின்றன. தமிழில் ஒரே சொல் பத்து வடிவம் எடுக்கும். ஜாப்ளினில் சொல்லின் மாறாத முன்பகுதியை மட்டும் எழுதி, கடைசியில் நட்சத்திரக் குறி போடலாம். "மருந்*" என்று கொடுத்தால், மருந்து, மருந்தடித்தோம், மருந்துக்கடை மூன்றும் வரும். டேக் முறை தமிழுக்குக் கூடுதலாகப் பயன்படுவதும் இதனால்தான். நோட்டின் உள்ளே எப்படி எழுதியிருந்தாலும் டேகின் வடிவம் மாறுவதில்லை.

பில், ரசீது, ஏலச் சீட்டு போன்றவற்றைப் படம் பிடித்து நோட்டில் சேர்க்கலாம். ஆனால் படத்தில் உள்ள கையெழுத்துத் தமிழ் தேடலில் சிக்கும் என்று நம்ப வேண்டாம். படத்திற்கு மேலே ஒரு வரியாவது டைப் செய்து வையுங்கள்.

மலையில் சிக்னல் இல்லாவிட்டால்

எங்கள் தோட்டத்தில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. இன்டர்நெட் இருந்தால்தான் திறக்கும் என்ற அப்ளிகேஷன் அங்கே பயன்படாது. ஜாப்ளின் நோட்டுகளைப் போனிலேயே வைத்திருப்பதால், மேலே இருக்கும்போதும் எழுதலாம், தேடலாம். வீட்டுக்கு வந்து இணைப்பு கிடைத்ததும் கம்ப்யூட்டருடன் ஒத்திசைந்துவிடும். இதையே சிங்க் என்கிறோம்.

இதை அமைக்க, டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, சிங்க்ரனைசேஷன் பிரிவில் டிராப்பாக்ஸ் அல்லது ஒன்டிரைவ் என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் கணக்கைக் கொடுக்கவும். போனிலும் அதே கணக்கைக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர், போன் இரண்டிலும் ஜாப்ளின் ஒரே இடத்தைப் பார்த்துக் கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. அப்பா மேலே தோட்டத்தில் ஒரு நோட்டைத் திருத்துகிறார்; அதே நேரத்தில் வீட்டில் நானும் அதே நோட்டைத் திருத்துகிறேன் என்று வைத்துக் கொள்வோம். மாலையில் இரண்டும் சந்திக்கும்போது எது சரி என்று புரோகிராமுக்குத் தெரியாது. ஜாப்ளின் ஒன்றை வைத்துக் கொண்டு, மற்றதை கான்பிளிக்ட்ஸ் என்ற தனி நோட்புக்கில் போட்டு வைக்கும். இந்த நோட்புக் திடீரென்று தோன்றினால் அழித்துவிடாதீர்கள். இரண்டையும் ஒப்பிட்டு, விடுபட்ட வரியைச் சேர்த்த பிறகே அழிக்கவும். எங்கள் வீட்டில் அன்றைய நோட்டை அப்பா மட்டுமே தொடுவார். நான் படிப்பதோடு சரி.

சிங்க் வேறு, பேக்அப் வேறு

பலரும் குழப்பிக் கொள்ளும் இடம் இது. போன், கம்ப்யூட்டர், இன்டர்நெட் என மூன்று இடத்தில் இருக்கிறதே, பிறகு என்ன பயம் என்று கேட்பார்கள். சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. ஓர் இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். தவறுதலாக அழித்த நோட்டுகள் சில நாட்கள் குப்பைக் கூடையில் இருக்கும் என்றாலும், அதையே நம்பி இருக்கக் கூடாது.

மாதம் ஒரு முறை பைல் மெனு சென்று, எக்ஸ்போர்ட் ஆல் என்பதில் ஜெ.இ.எக்ஸ். வகையைத் தேர்ந்தெடுக்கவும். எல்லா நோட்டும், படமும், டேகும் அடங்கிய ஒரே பைல் கிடைக்கும். அதை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, கம்ப்யூட்டர் இல்லாத வேறோர் இடத்தில் வைக்கவும். அதே மெனுவில் மார்க்டவுன் வகையையும் தேர்ந்தெடுத்து ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து கொள்ளலாம். அவை சாதாரண டெக்ஸ்ட் பைல்கள். நாளை ஜாப்ளினே இல்லாவிட்டாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

பாஸ்வேர்ட், ஏ.டி.எம். பின் எண், ஆதார் எண் போன்றவற்றை நோட்டில் எழுதாதீர்கள், உங்களுடையதாக இருந்தாலும் சரி, வேலையாட்களுடையதாக இருந்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

எந்த ஏற்பாடும் தானாக ஓடாது. அப்பா ஞாயிறு காலை காபி குடித்துவிட்டு கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார். அன்றாடம் நோட்புக்கில் அந்த வாரம் சேர்ந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து, தலைப்பு சரிதானா, டேக் இருக்கிறதா என்று பார்த்து, தோட்டம் அல்லது வீடு நோட்புக்கிற்கு இழுத்துப் போடுகிறார். அன்றாடம் காலியானதும் எழுந்துவிடுகிறார். பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. இரண்டு வாரம் விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் ஆகும் என்பதையும் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

அந்த அக்கா விஷயம் என்னவானது என்று கேட்பீர்கள். நோட் கிடைத்த மறுநாளே அப்பா நான்கு நாள் பணத்தை எடுத்துக் கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அக்கா பணத்தை எண்ணாமல் வாங்கி வைத்தார். "நான் பொய் சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்லண்ணே?" என்று மட்டும் கேட்டார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த காய் எடுப்புப் பருவத்தில் அக்கா திரும்ப வந்தார். இப்போது மாலையில் ஜீப் கிளம்பும் முன், அப்பா அன்றைய நோட்டைத் திறந்து எண், பெயர், கிலோ என்று சத்தமாக வாசிக்கிறார். "சரி" என்று ஒவ்வொருவரும் சொன்ன பிறகே போனைப் பையில் வைக்கிறார். இந்த யோசனை எந்த அப்ளிகேஷனிலும் இல்லை. அந்த அக்கா சொன்னது.

நீங்களும் இன்றே நான்கு நோட்புக்குகளுடன் தொடங்குங்கள். நாளைக்குக் கேட்கப்போகும் ஐந்து கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி, அவற்றிலிருந்து டேக்குகளை எடுங்கள். ஒரு வாரம் எழுதிய பிறகு, அந்த ஐந்து கேள்விகளையும் உங்கள் கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்திற்குள் பதில் வந்தால் உங்கள் ஏற்பாடு சரி. வராவிட்டால் நோட்டுகளைக் குறை சொல்லாமல் தலைப்பையும் டேகையும் திருத்துங்கள்.